ஈரத்தில் ஒட்டுப் பிடிக்காது என்று சொன்னவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மேலூரில் பங்க்சர் கடை வைத்திருப்பவன் நான். கடைக் கணக்கு நோட்டில் எழுதுவதோடு சரி, மற்றபடி எழுத்து எனக்குப் பழக்கமில்லை. என் மகனின் காதுச் சவ்வு ஆபரேஷனுக்கு உதவியவர்களில் பாதிப் பேரிடம் நேரில் நன்றி சொல்ல முடியாமல் போய்விட்டது. சிலர் மாற்றலாகிப் போனார்கள். சிலரை முகக்கவசத்தோடுதான் பார்த்திருக்கிறேன், எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. ஒருவருடைய போன் நம்பரை நானே தொலைத்துவிட்டேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு டீச்சரிலிருந்து தொடங்குகிறேன். 2023 ஜூலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள். பையன் ஏதோ வம்பு பண்ணியிருக்கிறான் என்று நினைத்துத்தான் போனேன். டீச்சர் அவனுடைய சொல்வதை எழுதுதல் நோட்டை எடுத்துக் காட்டினார்கள். "கட்டம்" என்று சொன்னதற்கு "பட்டம்" என்று எழுதியிருந்தான். "தங்கை" என்றால் "கங்கை". ஒரு பக்கம் முழுக்க இப்படித் தப்பு, அடுத்த பக்கம் எல்லாமே சரி. டீச்சர் சொன்னார்கள்: "நான் இவனுக்கு வலப்பக்கம் நின்னு சொன்னா சரியா எழுதுறான். நடந்துக்கிட்டே இடப்பக்கம் போயிட்டா தப்பாயிடுது. நாலு நாளா வேணும்னே மாறி மாறி நின்னு பாத்தேன். இவன் கவனிக்காத பையன் இல்ல, இவனுக்கு இடது காது சரியாக் கேக்கல."

வீட்டில் கூப்பிட்டால் திரும்பாததற்கு நான் அவன் தலையில் எத்தனை குட்டு குட்டியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். "காது கேக்கலையாடா" என்று கேட்டுக்கேட்டே குட்டியிருக்கிறேன். டீச்சர், நீங்கள் அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தக் காதில் நாலு வயதிலிருந்தே சீழ் வடிந்துகொண்டிருந்தது. சளி பிடிக்கும், இரண்டு நாள் காதைப் பிடித்துக்கொண்டு அழுவான், மூன்றாம் நாள் தலையணை நனைந்திருக்கும், வலி நின்றுவிடும். வலி நின்றதும் நாங்களும் மறந்துவிடுவோம். உள்ளே கட்டிய சீழ் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததால்தான் வலி நின்றது என்பது அப்போது தெரியாது. அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். மருந்துக் கடை ஒன்றில் சொட்டு மருந்து கொடுப்பார்கள், சீட்டு எதுவும் கேட்கமாட்டார்கள். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சில சொட்டு மருந்துகள் சவ்வில் ஓட்டை இருக்கும்போது உட்காதுக்கே கெடுதல் செய்யும், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் அதே எண்ணெயைத்தான் ஊற்றி வளர்த்தார். என் காதில் ஓட்டை இல்லை, பிழைத்தேன்.

டீச்சர் சொன்ன அடுத்த மாதமே பள்ளிக்கு வேனில் மருத்துவக் குழு வந்தது. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வருகிற குழுதான். டீச்சர் முன்கூட்டியே என் மகன் பெயரைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்த அந்தப் பெண் டாக்டர், ஒரு தாளில் எழுதி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினார். அவருடைய வேலை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் இரண்டரை வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தோம்.

பெரியாஸ்பத்திரியில் காதுக்குள் மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டைகளையே பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் அதைப் பார்த்தபோது கால் நடுங்கியது. ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வராத சவ்வு. கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் நடுவில் மொச்சைக் கொட்டை வடிவத்தில் ஓட்டை. சவ்வு கிழிந்த காதெல்லாம் உடனே ஆபரேஷனுக்குப் போவதில்லை என்றார்கள். அடிபட்டுக் கிழிந்த சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளுமாம். வருடக்கணக்காகச் சீழ் வடிந்து ஓரம் ஆறிப்போன ஓட்டை அப்படி மூடாது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கேட்கும் திறனையும் சோதித்தார்கள். எண் கூடக்கூடக் கேட்பது குறைவு என்று அர்த்தமாம். வலது காது 10 டெசிபல், நல்ல காது. இடது காது 38. அந்த அறையில் இருந்த தம்பி, என் மகன் பயந்து பட்டனை அமுக்காமல் உட்கார்ந்தபோது சலிக்காமல் மூன்று தடவை முதலிலிருந்து எடுத்தார். அவருக்கும் நன்றி.

சரி, எப்போது ஆபரேஷன் என்று கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு போகவேண்டும்.

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. ஓட்டை தெரிகிறது, ஒட்டவேண்டியதுதானே? பிள்ளை வளர்ந்தால் சவ்வும் வளரும், அதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்களோ என்று கேட்டேன். அது இல்லையாம். காதுச் சவ்வு பிறக்கும்போதே ஏறக்குறைய பெரியவர்களுக்கு இருக்கிற அளவில்தான் இருக்குமாம். விஷயம் வேறு. காதின் உள்ளறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது, காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவது அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். மூக்குச் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். போதாததற்கு என் மகனுக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கிக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. "நீங்க என்ன தொழில் பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. சொன்னேன். சிரித்துவிட்டு, "வால்வு கெட்ட ட்யூபுக்கு ஒட்டு மட்டும் போட்டு அனுப்புவீங்களா?" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் போனது. மூக்குக்கு ஸ்பிரே, காதில் தண்ணீர் படாமல் வாசலின் தடவிய பஞ்சு, கண்மாய்ப் பக்கமே போகக் கூடாது. மேலூர்ப் பையனைக் கண்மாயில் இறங்காதே என்று சொல்லி வளர்த்துப் பாருங்கள், தெரியும். அவனோடு படிக்கிற மூன்று பையன்கள், பெயர் போடவில்லை, அவன் கரையில் நிற்கிறான் என்று தாங்களும் இறங்காமல் கரையிலேயே கோலி விளையாடியிருக்கிறார்கள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க. தம்பிகளா, உங்களுக்கு ஆளுக்கொரு சைக்கிள் ட்யூப் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். கடையை மூடிவிட்டுப் போனோம். முந்தின வாரம் பிடித்த சளியில் காது மறுபடி ஈரமாகியிருந்தது. பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட பயிற்சி டாக்டர் தம்பிதான் வராந்தா வரை வந்து கேட்டார்: "அண்ணே, ஈரத்துல பேட்ச் ஒட்டுவீங்களா?" மாட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் சொல்யூஷன். எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த விஷயத்தை எனக்கே ஞாபகப்படுத்த ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

காப்பீட்டு அட்டை வேலையில் அலைந்தது தனிக்கதை. வருமானச் சான்றுக்குக் கூடவே வந்த பக்கத்துக் கடை பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகிறேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த அடுத்த வாரம், மே மாதம், ஆபரேஷன் நடந்தது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக இவனுக்காக அம்மா வேண்டியிருந்தார். வேண்டுதல் காதுக்காக, தண்ணீர் பட்டால் காது போச்சு! இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இந்த வருடம் அவன் தொப்பியும் பஞ்சுமாக என் தோளில் உட்கார்ந்து மற்றவர்கள் பீய்ச்சுவதைப் பார்த்ததோடு சரி.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு தூக்கம் வரவில்லை. அதே பயிற்சி டாக்டர் இரவுப் பணியில் இருந்தார். என்ன செய்யப்போகிறார்கள் என்று உட்கார்ந்து விளக்கினார். காதுக்குப் பின்னால் சின்னதாகக் கீறுவார்கள். காதுக்கு மேலே இருக்கிற தசையின் மேல் வெங்காயத் தோல் மாதிரி ஓர் உறை இருக்கிறது, அதில் ஒரு துண்டை எடுத்துக் காயவைப்பார்கள். ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டிப் புதுப் புண்ணாக்குவார்கள், ஏனென்றால் ஆறிப்போன ஓரத்தில் எதுவும் ஒட்டாது. பிறகு அந்தத் துண்டைச் சவ்வுக்கு உள்பக்கமாக வைத்து, தானே கரைந்துபோகிற பஞ்சால் முட்டுக்கொடுப்பார்கள். பழைய சவ்வு அந்தத் துண்டின் மேல் படர்ந்து வளரும். உப்புத்தாள், உள்பக்கப் பேட்ச், எல்லாம் நம்ம தொழில்தான் என்று சொன்னேன். ஒரு வித்தியாசம், நாங்கள் பசை போடுவதில்லை என்றார். 1640இல் பான்சர் என்ற ஜெர்மன் வைத்தியர் மானின் குளம்பில் செய்த குழாயில் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வைக் கட்டிக் காதுக்குள் செருகிப் பார்த்தாராம். அதே ஜெர்மனியில்தான் 1950களில் உல்ஸ்டைன், சோல்னர் என்ற இரண்டு டாக்டர்கள் மைக்ராஸ்கோப் வைத்து இதை ஒழுங்கான ஆபரேஷனாக ஆக்கினார்களாம். அந்த ராத்திரியில் எனக்கு அவ்வளவு சரித்திரம் தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்குப் பிடித்துவிடும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மயக்க மருந்து டாக்டருக்குத் தனி நன்றி. சோறு சாப்பிட்டு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கவேண்டும் என்று நேரத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அவன் அழுதபோது தியேட்டர் வாசலிலிருந்து கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் கழித்துத் தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு வந்தான். அன்று முழுக்க வாந்தி. சிஸ்டர், நீங்கள் அன்றிரவு எத்தனை தடவை விரிப்பு மாற்றினீர்கள் என்று என் மனைவி எண்ணி வைத்திருக்கிறாள்.

கடைசியாக, பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு. உசிலம்பட்டிப் பக்கம் என்று சொன்னீர்கள். உங்கள் பெண்ணுக்கு முதல் தடவை ஒட்டுப் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவைக்காக வந்திருந்தீர்கள். எங்களுக்குத் தைரியம் சொல்லவேண்டிய நிலையிலா நீங்கள் இருந்தீர்கள்? ஆனாலும் வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை உங்களிடம்தான் கற்றுக்கொண்டோம். தலை வழியாகப் போடும் பனியன் வேண்டாம், தலைக்கட்டின் மேல் உரசும், முன்னால் பட்டன் வைத்த சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள் என்றீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மப் பழக்குங்கள், மூக்கைச் சிந்தவிடாதீர்கள், உள்ளேயிருந்து வருகிற காற்று ஒட்டைத் தூக்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். காதுக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்கிறது என்று இவன் பயந்தபோது, உங்கள் பெண்தான் "அது பஞ்சு கரையிற சத்தம், எனக்கும் கேட்டுச்சு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அதற்கப்புறம் அவன் பயப்படவில்லை.

ஆகஸ்டில் மறுபடி சோதித்தார்கள். சவ்வு மூடியிருக்கிறது. இடது காது 16 டெசிபல். ஒரு வருடம் வரை அவ்வப்போது காட்டவேண்டும், கண்மாய்க்கு இன்னும் அனுமதி இல்லை. அடுத்த சித்திரைக்குத் தண்ணீர் பீய்ச்சலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "அப்ப பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இப்போதெல்லாம் அவர் காத்திருக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அக்கா, நீங்கள் சீட்டில் எழுதிக்கொடுத்த நம்பர், சட்டைப் பையிலேயே இருந்து துவைக்கும்போது போய்விட்டது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். பாப்பாவுக்கு இந்தத் தடவை பிடித்ததா என்று என் மகன் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறான்.