எக்ஸ்டி 500-ஆ, டிஆர் 650-ஆ?

கண்டனூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஊரணி நிறைந்துவிட்டது. வளவில் ஓடு மாற்றும் வேலைதான் தைக்குத் தள்ளிப்போகிறது. ஆச்சி சௌக்கியம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

இனி வண்டி விஷயம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை, நடுநடுவே மண் பாதையிலும் போக, பழைய யமஹா எக்ஸ்டி 500 நல்லதா, சுசூகி டிஆர் 650 நல்லதா என்று கேட்டிருக்கிறாய். மூவாயிரம் கிலோமீட்டர் மூட்டை முடிச்சோடு போவதென்றால் டிஆர்தான். காற்றும் ஆயிலும் குளிர்விக்கிற 644 சிசி இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. கல்லில் விழுந்தாலும் உடைந்து தண்ணீர் ஒழுக ஒன்றுமில்லை; முன்னாலிருக்கும் சின்ன ஆயில் கூலரை மட்டும் பார்த்துக்கொள். வால்வு இடைவெளியை வைப்பதும் வெறும் டேப்பட் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), ஒரு ஸ்பானர் இருந்தால் மரத்தடியிலேயே சரிசெய்யலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்லெட் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.17 முதல் 0.22.

குறை இரண்டு. டேங்க் 13 லிட்டர்தான். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைத்தாலும் ஒரு டேங்க்குக்கு 250-க்கு மேல் நம்பாதே. எதிர்காற்றில் அதுவும் குறையும். 20 லிட்டர் டேங்க் தனியாகக் கிடைக்கிறது, முதல் செலவு அதற்கே வை. இரண்டாவது, கிளட்ச்சுக்குப் பின்னால் உள்ள நியூட்ரல் சுவிட்ச். அதைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் அதிர்வில் கழன்று உள்ளே விழுவதுண்டு. கியரில் சிக்கினால் இன்ஜின் போச்சு. கவரைத் திறந்து, கிளட்ச்சை இறக்கி, ஸ்க்ரூவைச் சுத்தமாகத் துடைத்து, லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு முடுக்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். பழைய வண்டி வாங்குகிறாய், முன்னவர் செய்திருப்பார் என்று விட்டுவிடாதே.

டிஆருக்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி செத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். முதல் கியரில் தள்ளினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணில் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போட்டு, வேகம் வந்ததும் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டே கிளட்ச்சை விடு. உன் கனம் டயரில் இறங்கினால்தான் பிடிக்கும்.

எக்ஸ்டி மேல் உனக்கு ஆசை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. 1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் சிரில் நெவ்யூ ஜெயித்த வண்டி, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் 6 வோல்ட் வயரிங், பாயிண்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தை வைக்கும் பழைய தொடுமுனை), ஒன்பது லிட்டர்கூடப் பிடிக்காத டேங்க். ஆயில் ஃபிரேமுக்குள் இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் அது மெல்லக் கீழே இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்கு இறங்கிவிடும். அப்போது அளவுகோலைப் பார்த்துக் குறைகிறதென்று ஊற்றிவிட்டால், ஓடும்போது மிச்ச ஆயில் ஏர் ஃபில்டருக்குள் வந்து நிற்கும். சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு அள.

உதைப்பதைப் பற்றிப் பயப்படாதே. இரும்பு இன்ஜின் புல்லட்டில் ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து உதைப்போமே, அந்த வேலையை இதில் ஒரு கண்ணாடி செய்கிறது. சிலிண்டர் ஹெட்டின் வலப்பக்கம் சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். பெட்ரோல் டேப் திற, இன்ஜின் ஆறியிருந்தால் சோக் இழு, சாவி போடு. ஆக்ஸிலேட்டரைத் தொடவே தொடாதே. கிக்கரை மெல்ல அமுக்கு. ஒரு இடத்தில் கல் மாதிரி நிற்கும். இடது கை டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் லிவர்) இழுத்துப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கு, கண்ணாடிக்குள் வெள்ளி அடையாளம் தெரியும் வரை. பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரசரை விடு, கிக்கரை முழுக்க மேலே வரவிடு, பிறகு கடைசி வரை ஒரே மூச்சில் மிதி. பாதி உதை உதைக்காதே. அதுதான் கணுக்காலை முறிக்கும்: கிராங்க் மெதுவாகச் சுற்றும்போது பிஸ்டன் மேலே வருவதற்குள் தீப்பற்றி, அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பாயிண்ட் டைமிங் முன்னால் போயிருந்தாலும் இப்படித் திருப்பி அடிக்கும். முழங்காலை விறைக்காதே, விரலால் மிதிக்காமல் நடுப்பாதத்தால் மிதி, பூட்ஸ் கட்டாயம். நம் ஊர் வழக்கப்படி செருப்போடு ஏறாதே. வலது பக்கப் பெட்டியைக் கிக்கர் இறங்கும் பாதைக்குப் பின்னால் தள்ளிக் கட்டு.

விழுந்த வண்டியின் இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போய்விட்டால் சாவியை அணை, டேப்பை மூடு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திற, டீகம்ப்ரசரைப் பிடித்தபடி ஆறேழு தடவை மிதித்துக் காயவிடு. பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பி, சோக் மட்டும் வேண்டாம். அப்படியும் வரவில்லையென்றால் பிளக்கை மாற்று.

எதைப் பார்க்கப் போனாலும், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்கத்தான். போனதும் சிலிண்டரில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு.

அன்புடன்,
உன் கண்டனூர்க்காரன்