மைலேஜ் பைத்தியத்துக்கு ஒரு கடிதம்

கோவில்பட்டி,
10-8-2025

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பேரனும் சுகம்தானே? பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று நீ வாட்ஸ்அப்பில் திட்டியிருந்ததைப் பார்த்தேன். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். இப்போதும் போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ போனை எடுத்தால் அடுத்தவனைப் பேசவிட மாட்டாய். லூனா விற்ற அன்றைக்கே நம் செட்டுக்கு அது தெரிந்துபோயிற்று. காகிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மருமகன் கூப்பிட்டான். “மாமா, புதுக் கார் டீசல் கிரெட்டாதான்னு அப்பா முடிவு பண்ணிட்டார். ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் கொடுக்கப் போறார். ஏம்ப்பான்னு கேட்டா, கோவில்பட்டிக்காரன் இத்தனை வருஷமா டீசல்தானே ஓட்டுறான்னு உங்களைக் காட்டுறார்” என்றான். என்னை ஏனடா சாட்சிக்கு இழுக்கிறாய்? நான் ஓட்டுவது வேறு, நீ ஓட்டப்போவது வேறு. வங்கியில் முப்பது வருஷம் அடுத்தவன் லோன் பேப்பரை வரி வரியாகப் படித்தவன், உன் சொந்தக் காசு போகும்போது ஒரு நம்பரை மட்டும் பார்த்துவிட்டு நிற்கிறாய்.

அந்த நம்பர் 21.8. டீசல் மேனுவலுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ். அதே வண்டி, ஒன்றரை லிட்டர் சாதாரண பெட்ரோல் என்ஜின், மேனுவல் கியர் என்றால் 17.4. “லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் கூட, கால்வாசி லாபம்” என்று மருமகனிடம் சொன்னாயாம். கணக்கு சரிதான். ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறாய்? பெட்ரோலும் டீசலும் ஒரே சரக்கு இல்லை. பாலிடெக்னிக் லேபில் அடர்த்தி அளக்க ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தோமே, நீ அதை உடைத்துவிட்டுக் கொய்யாப்பழ வாத்தியாரிடம் என் பெயரைச் சொன்னாயே, அந்த லேபை நினைத்துப் பார். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 745 கிராம், டீசல் 835 கிராம் பக்கம். கிலோ கணக்கில் இரண்டிலும் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் கிலோவுக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதுதானே முறை? பெட்ரோல் 23 கிலோமீட்டர், டீசல் 26. நீ கால்வாசி என்று குதித்ததில் பாதிக்கு மேல் டீசல் அடர்த்தியாக இருப்பதால் வந்தது. என்ஜினின் சாமர்த்தியம் மிச்சம்தான்.

மருமகனுக்குப் புகை, பூமி சூடாவது என்று அக்கறை உண்டு. அதையும் கேட்டான், அதனால் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும், டீசலில் 2.7. கம்பெனி மைலேஜால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 132 கிராம், 124 கிராம். பெட்ரோல் பங்க்கில் 25 சதவீதமாகத் தெரிந்தது இங்கே ஆறு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

அதற்காக டீசல் என்ஜினைக் குறை சொல்வேன் என்று நினைக்காதே. அதன் மேல் எனக்கு உள்ள பாசம் உனக்குத் தெரியும். 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினே எரிபொருளின் சக்தியில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி என்ஜின்கள் பக்கத்தில்கூட வர முடியாது. காரணம் நாம் படித்ததுதான். ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைப்பது. பெட்ரோலை அவ்வளவு அமுக்கினால் கண்டபடி தானே பற்றிக்கொண்டு என்ஜின் தட்டும். பத்து, பதினொன்றில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது காரணத்தை நீ அன்றைக்கும் ஒழுங்காகப் படிக்கவில்லை. பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் திராட்டில் வால்வு பாதி மூடியே இருக்கும். அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுத்தே என்ஜின் களைத்துப்போகும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி. டீசலுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. காற்று முழுசாக உள்ளே போகும், மிதிக்கு ஏற்ப டீசல்தான் கூடும், குறையும். அதனால்தான் சிக்னலில் நிற்பது, ஊர்வது, இரண்டாம் கியரில் உருட்டுவது என்று வரும்போது டீசல் வெகுவாக மிச்சப்படுத்துகிறது. என்ஜினுக்கு நல்ல வேலை கிடைக்கும் நெடுஞ்சாலையில் இடைவெளி கொஞ்சம் குறையும்.

இதைக் கேட்டதும் உனக்குச் சிரிப்பு வரும். “அதைத்தானே நானும் சொன்னேன், தாம்பரம் டிராஃபிக்கில் டீசல்தான் லாபம்” என்பாய். பொறு. எங்கள் சின்னவனும் அதையேதான் சொன்னான்.

அவன் மதுரையில் டீசல் வண்டி வாங்கியது உனக்குத் தெரியும். 2020-க்கு அப்புறம் வந்த, பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அங்கிருந்து சிம்மக்கல் கடை, சாயங்காலம் அதே வழி. எந்தப் பக்கம் போனாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போன மாசம் மீட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்தது. முதலில் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் வண்டியை நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறது, கிட்டே போனால் தீய்ந்த வாடை, நிற்கும்போதே ஆர்பிஎம் கூடி நிற்கிறது. ஒரு நாள் வண்டி இழுக்கவே மறுத்துவிட்டது. நான் சாத்தூர் வேலையைப் போட்டுவிட்டுப் போனேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு குறையவில்லை, கூடியிருந்தது! விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, மூக்கில் வைத்தால் டீசல் வாடை.

நடந்தது இதுதான். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்தால் தன்னைத்தானே 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். சின்னவன் வண்டிக்கு அது கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் எரிக்க ஆரம்பிக்கும், அதற்குள் கடை வந்துவிடும், ஆஃப் பண்ணிவிடுவான். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிட்டது. வொர்க்‌ஷாப்பில் லேப்டாப்பை மாட்டி, நின்ற இடத்திலேயே என்ஜினை அலறவிட்டு எரித்தார்கள். ஆயிலும் மாற்றியாயிற்று. அடுத்த தடவை அடைத்தால் ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்கு நல்ல பைக் ஒன்று வாங்கலாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னவன் வண்டியை மேலூர் வரை விரட்டிவிட்டுத் திரும்புகிறான். ஃபில்டரைக் காப்பாற்ற டீசலைக் கொளுத்துகிறான் பார், அந்த மைலேஜை எந்தக் கணக்கில் எழுதுவது?

டீசல் எங்கே அதிகமாக மிச்சப்படுத்துமோ, அங்கேதான் அதன் ஃபில்டர் மூச்சுத் திணறுகிறது. உன் ஓட்டம் முழுக்க அந்த இடத்தில்தான். பேரன் பள்ளிக்கூடம், மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ இங்கே வருவாய்.

ஃபில்டர் எதற்கு, பிடுங்கி எறிந்துவிட்டால் போச்சு என்று உன் தெருக்காரர் சொன்னதாக மருமகன் சொன்னான். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதே. செல்லையா அண்ணனை மறந்துவிட்டாயா? லாரி ஷெட்டில் கருப்புப் புகைக்கு நடுவே நாற்பது வருஷம். கடைசியில் நம் இரண்டு பேரிடமும் முழுசாக ஒரு வாக்கியம் பேச அவரால் முடியவில்லை. டாக்டர் பீடியைச் சொன்னார். பீடியும்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்த செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அவர் முகம்தான் வந்தது. ஃபில்டரைப் பிடுங்கினால் அந்தக் கரி உன் பேரன் நிற்கிற பள்ளிக்கூட வாசலில்தான் இறங்கும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

சரி, காசுக் கணக்கு. உனக்குப் பிடித்த பாடம்.

நான் மாருதி டிசையர் டீசல் எடுத்த 2012-ல் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அப்போது கார் வாங்குகிறவனில் பாதிக்கு மேல் டீசல்தான் கேட்டான். அத்தனை பேரையும் டீசல் பக்கம் தள்ளியதில் மானியத்துக்குத்தான் பெரிய பங்கு. 2013 ஜனவரியிலிருந்து மாசம் ஐம்பது பைசா வீதம் ஏற்றி, 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்து விட்டார்கள். இன்றைக்கு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் பக்கம், டீசல் 92-ம் சில்லறையும். வித்தியாசம் எட்டு ரூபாய்ச் சொச்சம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. என் டிசையரில் துடிக்கிற அந்த இத்தாலி என்ஜின், ஃபியட்டின் 1,248 சிசி, எத்தனை கம்பெனி வண்டியில் ஓடியது தெரியுமா? மூன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் என்னிடம் முனகாமல் ஓடுகிறது. டிபிஎஃப் தொல்லையும் அதில் கிடையாது. அதைப் பார்த்து நீ புது டீசலை எடை போடாதே.

கம்பெனி மைலேஜ் உருளை மேல் வண்டியை ஏற்றி, ஏசி போடாமல், 90-ஐத் தாண்டாமல் எடுத்தது. ரோட்டில் டீசல் 17, பெட்ரோல் 13 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு டீசல் 5 ரூபாய் 44 பைசா, பெட்ரோல் 7 ரூபாய் 77 பைசா. மிச்சம் 2 ரூபாய் 33 பைசா. டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூட. அதற்கு நம் ஊர் சாலை வரி 18 சதவீதம் போட்டால் 1 லட்சத்து 77 ஆயிரம். அந்தப் பணம் திரும்ப 76 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். தீப்பெட்டி வியாபாரத்துக்காகச் சிவகாசி, மதுரை, திருநெல்வேலி என்று அலைகிற நான் இரண்டரை வருஷத்தில் ஓட்டிவிடுவேன். நீ? வருஷத்துக்கு ஆறாயிரம் என்று தாராளமாகவே போடுகிறேன். மிச்சம் 14 ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த 1.77 லட்சத்தை உன் பழைய வங்கியிலேயே ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 12 ஆயிரம் சொச்சம் வட்டி வருமே, மேனேஜர் சார்!

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே என்று நீ கேட்பாய். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறையத்தான் செய்யும். அதற்கென்று சரிப்படுத்திய வண்டிகளில் மைலேஜ் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறையும், மற்றவற்றில் மூன்றிலிருந்து ஆறு என்று அரசாங்கம் சொல்கிறது. விலையை மட்டும் குறைக்கக் காணோம். ஆனால் 13 என்பது 12.5 ஆனாலும் உனக்கு வருஷத்துக்குக் கூடுதல் செலவு இரண்டாயிரம்கூட வராது. அதற்காக ஒன்றேமுக்கால் லட்சம் தூக்கிக் கொடுப்பாயா?

எந்த வண்டி எடுத்தாலும் டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாதே. ஒரே பங்க், ஒரே குழாய், ஆட்டோ கட் ஆகிற வரைக்கும் நிரப்பு. கிலோமீட்டரைக் குறித்து வை. அடுத்த தடவையும் அதே மாதிரி. அப்புறம், நாலு வழிச் சாலை கிடைத்ததும் 110-க்குப் பறக்கிற உன் மகனிடம் சொல்: 80-ல் போவதைவிடக் காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கோவில்பட்டி வரும்போது அந்த வித்தியாசம் உன் பர்ஸில் நன்றாகவே தெரியும்.

ஆக, என் சாட்சி பெட்ரோலுக்கு. தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். காட்டாமல் விட்டால் அந்த ஹைட்ரோமீட்டர் கதையை உன் பேரனுக்கு நானே சொல்வேன்.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு.: மருமகன் ஹைபிரிட் பற்றியும் கேட்டான். பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி அது. டொயோட்டா ஹைரைடர் பெட்ரோல் ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொல்வது 27.97. உன் டீசலையே முந்திவிட்டது. டிராஃபிக்கில் என்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்வதால் உன் ஓட்டத்துக்குப் பொருத்தம்தான். விலையைக் கேட்டுவிட்டு எழுது, மறுபடியும் கணக்குப் போடுவோம். கடலை மிட்டாய் பார்சலில் வருகிறது; சுகர் பார்த்துச் சாப்பிடு.