எலும்புக்கூட்டு வீரனுக்கும் ஒரு பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பனை உலகில் ஆடுபவர் ஒரு பாத்திரமாக நின்று சண்டையிடும் கணினி விளையாட்டுகளான ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மந்திரத்தால் எழுப்பப்படும் எலும்புக்கூடுகளுக்கும் பிணங்களுக்கும் ஆடுபவரே பெயர் சூட்டும் வசதி வேண்டும் என்ற கோரிக்கையை, கட்டுரையாளர் ‘வெறும் அலங்காரம்’ என்று போகிற போக்கில் ஒதுக்கிவிட்டார். எழுப்பப்பட்டவை எல்லாம் ஆயுதங்களே, வில்லில் பூட்டும் அம்புக்கு யாராவது பெயர் வைப்பார்களா என்று அவர் கேட்கிறார். அம்பைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் எழுப்பப்படுபவை எல்லாமே எய்த கையோடு மறந்துவிடத் தக்கவை அல்ல. எதற்குப் பெயர் தகும், எதற்குத் தகாது என்பதை அந்தந்த விளையாட்டின் விதிகளே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

2000இல் வெளிவந்த ‘டியாப்லோ 2’ இதற்கு நல்ல சான்று. அதில் நெக்ரோமான்சர் என்னும், பிணங்களை எழுப்பும் மந்திரவாதி, வீழ்ந்த எதிரியின் சடலத்திலிருந்து எழுப்பும் எலும்புக்கூட்டு வீரர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. திரையின் மூலையில் ஒரு சிறு படமும் அதனருகே ஓர் எண்ணும் தெரியும், அவ்வளவுதான். ‘ரிவைவ்’ மந்திரத்தால் எழும் அரக்கர்களுக்கோ ஆயுள் 3 நிமிடம். அதே விளையாட்டில் கூலிக்கு அமர்த்தும் வீரருக்குச் சொந்தப் பெயர் உண்டு. 2001இல் வந்த விரிவாக்கத் தொகுப்புக்குப் பின், அவர் மாண்டால் தங்கம் கொடுத்து மீட்கலாம், கவசமும் ஆயுதமும் அணிவிக்கலாம், கடைசிவரை உடன் அழைத்துச் செல்லலாம். உயிருள்ளவருக்கு வரலாறும் செத்தவருக்கு எண்ணிக்கையும் என்று விளையாட்டே பிரித்துவைத்திருக்கிறது.

ஆனால் இந்தப் பிரிவினைக்கு அடங்காத ஒன்று அங்கேயே இருக்கிறது. அதுதான் கோலெம், மண்ணோ இரும்போ போன்ற பொருளுக்கு மந்திரத்தால் உயிரூட்டிய பெரிய உருவம். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அதிலும் இரும்புக் கோலெமைப் படைக்க வேண்டுமானால், தரையில் கிடக்கும் ஓர் உலோகப் பொருளைக் காவு கொடுக்க வேண்டும். அந்தப் பொருளின் மாயப் பண்புகள் கோலெமுக்கு வந்துசேரும், கோலெம் அழிந்தால் பொருளும் போயிற்று. பிணத்திலிருந்து எழுவதல்ல என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும்; நெக்ரோமான்சரின் படையில் நிற்பதால் சேர்த்துக்கொள்கிறேன். குறுகலான வாசலில் எலும்புக்கூடுகள் முண்டியடித்துக்கொண்டு நிற்க, உள்ளே நுழைய வழியில்லாமல் பின்னால் தடுமாறிக்கொண்டிருக்கும் என் இரும்புக் கோலெமுக்கு நானாகவே ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தேன். ‘பெரியவருக்கு வழி விடுங்கப்பா’ என்று திரையைப் பார்த்துச் சொன்னதும் உண்டு. விளையாட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் பெயர் வந்த பிறகு என் ஆட்டம் மாறிவிட்டது: அவருடைய உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கினால் நான் பின்வாங்கத் தொடங்கினேன், வெல்லக்கூடிய சண்டையைக்கூட விட்டுவிட்டு வந்தேன். ஆடுபவரின் முடிவையே மாற்றக்கூடிய ஒன்றை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

விளையாட்டை உருவாக்கியவர்களே பெயர் வைத்துத் தருவது இன்னொரு வழி. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டில், மணியை ஒலித்து அழைக்கும் ஆவிகளில் சில பெயரற்ற கூட்டங்கள். வெட்டி வீழ்த்தினாலும் மறுபடி எழுந்து நிற்கும் எலும்புக்கூட்டுப் படைவீரர்கள் அவற்றில் ஒரு வகை. தலையற்ற லூட்டெல் போன்ற வேறு சிலருக்குப் பெயரும் பின்கதையும் உண்டு. இரு வகையினரையும் 10 படிகள் வரை வலுவூட்டலாம் என்றாலும், அந்த வலுவூட்டலுக்குச் செலவாகும் மலர், பெயருள்ளவர்களுக்கு வேறு வகை. ‘ஸ்கைரிம்’ விளையாட்டுக்கு 2012இல் வந்த ‘டான்கார்ட்’ விரிவாக்கத்தில் இதைவிட அழகான ஓர் இடம் வருகிறது. ஆன்மாக்கள் அடைபட்டுக் கிடக்கும் உலகில் ஓர் ஆன்மா தன் குதிரையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும். அந்தக் குதிரையின் மண்டையோட்டைத் தேடிக்கொண்டுவந்து கொடுத்தால், ஆர்வாக் என்னும் அந்த எலும்புக் குதிரையை அழைக்கும் மந்திரம் நமக்குக் கிடைக்கும். அந்தப் பெயரை நாம் வைக்கவில்லை, முன்னாள் எசமானரிடமிருந்து பெற்றுக்கொள்கிறோம். அதனாலேயே அந்தக் குதிரையை யாரும் வெறும் வாகனமாக நினைப்பதில்லை.

கணினியே பெயர் சூட்டும் முறையில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. இரண்டு சொல் துண்டுகளை ஒட்டிப் பிறக்கும் பெயர் முதல் முறை சிரிப்பை வரவழைக்கும். பிறகு கண்ணில் படாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் வந்த ‘டியாப்லோ 4’ விளையாட்டில், எலும்புக்கூட்டு வீரர்களையும் மந்திரவாதிகளையும் கோலெமையும் நம் விருப்பப்படி வகை பிரித்துக்கொள்ளலாம். அல்லது அவர்களை அடியோடு பலி கொடுத்துவிட்டு அந்த வலிமையை நாமே எடுத்துக்கொள்ளலாம். பலி கொடுப்பதே ஒரு நேர்மையான உத்தியாக இருக்கும் இடத்தில், நொடிக்கு நொடி உதிர்ந்து மறுபடி எழும் ஒவ்வோர் எலும்புக்கூட்டுக்கும் பெயர் வைக்கச் சொன்னால், ஆட்டம் நின்று பதிவேடு எழுதும் வேலைதான் மிஞ்சும். இதில் கட்டுரையாளருடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. கோலெம் போல ஒற்றையாக நிற்கும் உயிருக்கும், எலும்புக்கூட்டுப் படையில் தலைவனாக ஒருவனுக்கும் மட்டும் பெயரிடும் வசதி இருக்கட்டும். அவன் வீழ்ந்து மறுபடி எழுப்பப்படும்போது அதே பெயரோடும், அதுவரை வீழ்த்திய எதிரிகளின் கணக்கோடும் திரும்பி வர வேண்டும். பெயர் மட்டும் இருந்து தொடர்ச்சி இல்லாவிட்டால் அது ஒட்டுத்தாள்தான். 2009இல் வந்த ‘டார்ச்லைட்’ இதை வேறொரு வகையில் செய்துகாட்டியிருக்கிறது: தொடக்கத்திலேயே நாய்க்கோ பூனைக்கோ பெயரிட்டுவிடுகிறோம், அடிபட்டால் அது ஓடி ஒதுங்குமே தவிரச் சாவதில்லை. உயிருள்ள நாய்க்குக் கிடைத்த இந்தத் தொடர்ச்சியைச் செத்து எழுந்தவனுக்குக் கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டியின் நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘எலும்பன்’ என்பது நம் கணக்கில் 5 எழுத்து. புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும், கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் 8. 12 குறிகளுக்கு மேல் ஏற்காத பெட்டியில் ஓரளவு நீண்ட பெயர் பாதியில் அறுந்துபோகும். எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரிகிறபடி எண்ணுமாறு நிரல் எழுதுவது இன்று கடினமான வேலையல்ல.

சேர்ந்து விளையாடும்போது சிலர் ஆபாசமான பெயர்களை வைத்துப் பிறரைச் சீண்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக வசதியையே மறுக்க வேண்டியதில்லை. சூட்டிய பெயர் சூட்டியவரின் திரையில் மட்டும் தெரிந்து, மற்றவர்களுக்கு ‘எலும்புக்கூட்டு வீரர்’ என்ற பொதுப்பெயர் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்