பன்னிரண்டில் ஒரு பங்கு பால்: பதிப்பாசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

காலனிய மருத்துவ அதிகாரிகளின் பணி வரலாற்றுத் தொகுதி புதிய பதிப்பாக வந்திருக்கிறது. போன பதிப்புக்குப் பலர் அனுப்பிய திருத்தங்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன. ஆகவே தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர் குடியானவர்களுக்கும் 1899–1902இல் மூண்ட போயர் போர் எதற்கு நடந்தது, பிரிட்டிஷ் படை போயர் பண்ணைகளை எரித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏன் முகாம்களில் அடைத்தது என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. கர்னல் சாமுவேல் தாம்சன் பற்றிய பதிவுதான் விஷயம். இந்தியாவில் சுகாதார ஆணையர், 1902இல் தென்னாப்பிரிக்காவில் சிறப்புப் பணி, அங்கே டிரான்ஸ்வால் பகுதி முகாம்களின் பொறுப்பு, அவர் போய்ச் சேர்ந்ததும் சாவு நின்றது என்று சில வரிகளில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கடைசிக் கூற்றைத் திருத்துங்கள். முகாம் பணி பார்த்த ஒவ்வொருவர் பதிவிலும், அவர் பொறுப்பேற்பதற்கு முன்னும் பின்னும் இருந்த சாவுக் கணக்கை மாதவாரியாக அச்சிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

போயர் குடும்பங்களை அடைத்த வெள்ளையர் முகாம்களில் இறப்பு வீதம் 1901 அக்டோபரில் உச்சம் தொட்டது: ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கு 344. 1902 பிப்ரவரியில் அது 69. இந்தியாவிலிருந்து வந்த அதிகாரிகள் வேலையைக் கையில் எடுக்கும்போதே சரிவு பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. காரணங்களும் தெரிந்தவையே. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய, மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலான பெண்கள் குழு 1901 ஆகஸ்டிலிருந்து முகாம் முகாமாகப் போய் செவிலியர், எரிபொருள், தண்ணீர் கொதிக்கவைக்கும் கொப்பரை, தரையில் படுக்காமலிருக்கக் கட்டில், ரேஷனில் அரிசி என்று கேட்டது. நவம்பரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் மில்னர் முகாம்களின் பொறுப்பை முழுதாக ஏற்றார். டிசம்பரில் பிரிட்டிஷ் படைத் தளபதி கிச்சனர் புதிய குடும்பங்களைக் கொண்டுவருவதை நிறுத்தச் சொன்னார். தட்டம்மைக்குப் புதிய குழந்தைகள் கிடைப்பது அதோடு குறைந்தது. தாம்சன் எதுவும் செய்யவில்லை என்று வாதிடவில்லை. பிறர் செய்ததையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள் என்கிறேன்.

ரேஷனைப் பற்றி உங்கள் தொகுதி பேசுவதே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1901 ஜனவரியில், முகாம்களை நேரில் பார்க்கப் போன ஆங்கிலப் பெண்மணி எமிலி ஹாப்ஹவுஸ் ப்ளூம்ஃபோன்டைன் நகர முகாமில் குறித்துக்கொண்ட ஓர் ஆளின் ஒரு நாள் அளவு இது: எலும்பும் கொழுப்பும் சேர்த்து அரை பவுண்டு இறைச்சி, முக்கால் பவுண்டு மாவு, 2 அவுன்ஸ் காப்பி, 2 அவுன்ஸ் சர்க்கரை, அரை அவுன்ஸ் உப்பு, டின் பாலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. காய்கறி இல்லை, சோப்பு இல்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும். முரட்டு மாவும் இறைச்சியும் இறங்காது, பால்தான் இறங்கும். அந்தப் பாலோ சில கரண்டி. அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். இருந்தது மோடர் ஆற்றுத் தண்ணீர். அப்படியே குடித்தால் டைபாய்டு. கொதிக்கவைக்கலாமென்றால், எரிக்கக் கிடைத்தது பச்சைப் புதர்க்குச்சி. சோறு பொங்கவே அது காணாது. டைபாய்டு வந்தால் கழிப்பிட வாளி நிரம்பும், வெயில் ஏறியும் அள்ள ஆள் வராது, ஈ மொய்க்கும், மறுபடி அதே பாலில் வந்து உட்காரும். மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டி விறகைக் கூட்டாவிட்டால் இந்தச் சுழல் எங்கே அறும்?

தனிமைப்படுத்தலும் அப்படித்தான். தட்டம்மை உடம்பில் புகுந்து தடிப்பு வெளியே தெரிய ஏறக்குறைய 14 நாள் ஆகும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். ஒதுங்கிய பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பும் இல்லை. வருபவர்களை இரண்டு வாரம் புறக்கூடாரங்களில் வைத்திருக்க வேண்டும். திறந்த ரயில் வண்டிகளில் நனைந்து வந்தவர்களை நேரே ஏற்கெனவே நிரம்பிய கூடாரங்களுக்குள் தள்ளினார்கள். பிறகு நிமோனியா தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

இத்தனைக்கும் அன்றைய அறிக்கைகள் பல, தாய்மாரின் அழுக்கையும் நாட்டு வைத்தியத்தையும் காரணமாக எழுதின. ரேஷனில் சோப்பே கொடுக்காமல் அழுக்கைக் கண்டுபிடித்த மேதைமைக்குத் தனிப் பதக்கமே கொடுத்திருக்கலாம். ஆண்கள் போர்முனையில் இருந்த குடும்பங்களுக்கு முதலில் இறைச்சியே கிடையாது என்ற இரண்டாந்தர ரேஷனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1901 தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டார்கள்.

மேலிடம் சொன்னதைச் செய்வதுதானே அதிகாரியின் வேலை என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்தில், இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்வோருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று நிர்ணயித்தபோது, மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் போதாது என்று எழுத்தில் எதிர்த்தார். அவரும் காலனிய அதிகாரிதான். சம்பளமும் அதே கஜானாவிலிருந்துதான். அந்த ஆண்டே சென்னை அரசு அளவைக் கூட்டியது. எதிர்த்தவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார் என்பதும் பணி வரலாறுதான். பட்டங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி இதற்குப் போதும்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன். வெள்ளையர் முகாம்களில் மட்டும் ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். அதில் சுமார் 22,000 பேர் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கே தானியத்தைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆண்கள் ராணுவத்துக்கு உழைத்தார்கள். ஃபாசெட் குழு அந்தப் பக்கமே போகவில்லை. பதிவான சாவே குறைந்தது 14,154. பதிவாகாதது இன்னும் உண்டு. அங்கே உச்சம் 1901 டிசம்பரில், அதாவது வெள்ளையர் முகாம்களில் நிலைமை தேறத் தொடங்கிய பிறகு. சாவு நின்றது என்ற உங்கள் வரி இந்த மக்களை எங்கே வைக்கிறது?

அடுத்த அச்சுக்கு முன் தாம்சன் பதிவைத் திருத்தித் தர வேண்டும். முகாம், பொறுப்பு வகித்த மாதங்கள், அந்த மாதங்களின் சாவு, அதில் குழந்தைகள் எத்தனை, ரேஷனை மாற்ற அதிகாரி எழுதிய கடிதம் ஏதும் உண்டா என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை போதும். கறுப்பின முகாம்களுக்கும் அதே ஐந்து பத்திகள் வேண்டும். எண் கிடைக்காத கட்டத்தை நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள். தயவுசெய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதியின் வாசகர்