மூன்று சைக்கிள்களையும் பார்த்தேன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மலைப்பாதையில் ஓட்ட, முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். "எதை வாங்கட்டும், சீக்கிரம் சொல்லும்மா" என்று ஒரே வரி போட்டிருந்தாய். நானும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: முதலாவது வேண்டவே வேண்டாம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதை நேரில் போய்ப் பார். ஆனால் காரணம் தெரியாமல் போனால், விற்கிறவர் நான்காவதாக ஒன்றைக் காட்டும்போது மறுபடியும் குழம்புவாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் சைக்கிள் புதுசு. விலையும் மூன்றிலும் குறைவு. பின்னால் தடித்த ஸ்பிரிங் எடுப்பாகத் தெரிகிறது. உனக்கு அதுதான் பிடித்திருக்கும். சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலை உண்டும்மா. அடி விழும்போது அமுங்க வேண்டும். அமுங்கியது துள்ளாமல் நிதானமாக எழ வேண்டும். முதல் வேலையை எந்த ஸ்பிரிங்கும் செய்யும். இரண்டாவதற்கு உள்ளே டேம்பர் வேண்டும். எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன் நகரும், எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போகும், அந்தத் தடையில் துள்ளும் வேகமெல்லாம் வெப்பமாகிக் கரைந்துவிடும். மலிவான ஷாக்குகள் (அதிர்ச்சி தாங்கும் இந்தத் தொகுதிகள்தான்) பலவற்றில் இந்த டேம்பரே கிடையாது. கல்லில் ஏறி இறங்கும்போது சீட் உன்னை முன்னால் தூக்கித் தள்ளும். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் குந்திக் குந்தி எழும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் போட்டு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடு. பின்பக்கம் ஒரே சீராக எழுந்து நின்றால் டேம்பர் இருக்கிறது. எகிறி, ஆடி, மறுபடியும் ஒருமுறை அமுங்கி நின்றால் அது வெறும் ஸ்பிரிங். நல்ல ஷாக்கில் எழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். அதைத் திருகிவிட்டு மறுபடி அமுக்கிப் பார், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இன்னொன்று. ஃபிரேமிலோ கூட வரும் கையேட்டிலோ ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தரப்படி 1 முதல் 5 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் ஜல்லிப் பாதையும் 15 செ.மீ. வரையிலான சின்னக் குதிப்பும். 3 என்றால் கரடுமுரடான ட்ரெயில், 61 செ.மீ. வரை குதிக்கலாம். நீ போகிற பாதைக்கு 3 வேண்டும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் மாட்டி, மேலே மலை படமும் ஒட்டிவிட்டு, கையேட்டில் மட்டும் கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று எழுதிவைக்கும் சைக்கிள்களும் உண்டு. அதையும் படித்துப் பார்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அதே காசுக்கு ஹார்ட்டெயில் வாங்கினால் இதைவிட நல்லதாகக் கிடைக்குமே" என்கிறார். ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் கிடையாது. அவர் சொல்வது சரிதான். பின்ஷாக், இணைப்புக் கைகள், பேரிங்குகள், அத்தனையையும் தாங்குகிற ஃபிரேம் என்று எல்லாவற்றுக்கும் காசு போகிறது. ஒரே விலையில் இரண்டை வைத்துப் பார்த்தால் ஹார்ட்டெயிலில்தான் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பிரேக்கும் ஒரு படி மேலே இருக்கும், எடையும் குறைவு. மண்பாதையும் அவ்வப்போது ஒரு வேரும்தான் என்றால் நானே உன்னை ஹார்ட்டெயில் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போவது கல்லும் வேருமாக நீளும் இறக்கம். இரவல் ஹார்ட்டெயிலில் போய்ப் பார்த்து, பின்சக்கரம் தரையில் நிற்பதே இல்லை என்று சொன்னாய். அந்தப் பாதைக்கு ஃபுல் சஸ்பென்ஷன் ஆடம்பரம் இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சரி, காசு அவளுடையது" என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரக் கொத்து), டயர், பெடல், ஹேண்டில்பார் எல்லாமே நாளைக்கு மாற்றிக்கொள்ளக்கூடியவை. பாதிக்கு மேல் தேய்ந்துபோய்த் தானாகவே மாற்ற வேண்டி வரும். ஃபிரேமை மாற்ற முடியாது. ஷாக்கையும் ஃபோர்க்கையும் மாற்றலாம், ஆனால் அந்த விலையைக் கேட்டால் இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாமோ என்று தோன்றும். ஆகவே கையில் இருக்கிற காசு முதலில் இந்த மூன்றுக்கும் போகட்டும். 12 கியரா 10 கியரா என்று விற்கிறவர் பேச ஆரம்பித்தால் தலையாட்டிக் கேட்டுக்கொள், ஷாக்கைவிட்டுக் கண்ணை எடுக்காதே. ஷிமானோ டியோரின் 10 கியர் வகையிலேயே 11 பல்லில் தொடங்கி 46 பல் வரை போகும் கேசட் வருகிறது, ஏற்றம் ஏற அது போதும்.

ட்ராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் பற்றியும் கேட்டிருந்தாய். பின்னால் 120 முதல் 140 மி.மீ., முன்னால் அதே அளவு அல்லது பத்து இருபது கூடுதல். 160, 170 எல்லாம் கம்பிவட லிஃப்டில் மலைமேல் ஏறி வேகமாக இறங்குகிறவர்களுக்கு. மிதித்தே ஏறுகிற உனக்கு அது சுமைதான்.

இரண்டாவது சைக்கிள் இந்தக் கணக்குக்குள் வருகிறது. பெயர் தெரிந்த கம்பெனி, அலுமினிய ஃபிரேம், 130 மி.மீ., முன்னும் பின்னும் காற்று ஷாக். காற்று ஷாக் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது உன் எடைக்காக. ஸ்பிரிங் ஷாக் என்றால் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கூட வருவது பெரும்பாலும் உன்னைவிடக் கனமானவர்களுக்கான ஸ்பிரிங், நீ உட்கார்ந்தால் அமுங்கவே அமுங்காது. காற்று என்றால் பம்ப்பால் சரிசெய்துகொள்ளலாம். அந்தச் சைக்கிளில் டயர் மட்டம், சீட் கம்பம் சாதாரணம். டயரை முதலில் மாற்று, முன் டயரிலிருந்து தொடங்கு. கையருகே லீவரைத் தட்டினால் சீட் இறங்கும் டிராப்பர் கம்பம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், சீட் குழாயின் விட்டத்தை மட்டும் குறித்து வை.

பின்சக்கரத்தைத் தாங்கும் கைகள் நாலு இணைப்பில் மடங்குகின்றனவா, ஒற்றைப் பிவட்டில் (ஒரே மூட்டில்) ஆடுகின்றனவா என்று நீ படித்ததெல்லாம் சரிதான். ஹோர்ஸ்ட் லைட்னர் வடிவமைத்த நாலு இணைப்பு வகையின் அமெரிக்கக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு கம்பெனி பல வருடம் கையில் வைத்திருந்தது. அது முடிந்த பிறகு விலை குறைந்த சைக்கிள்களிலும் அதே அமைப்பு வந்துவிட்டது. அதே நேரம் ஜயன்ட்டின் ஸ்டான்ஸ் மாதிரி, பின்பக்கப் பேரிங்கையே எடுத்துவிட்டு ஃபிரேம் குழாயே லேசாக வளையும்படி செய்ததும் நன்றாகத்தான் ஓடுகிறது. இந்த விலையில் அமைப்பின் பெயரைவிட ஷாக் ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் பெரிது.

மூன்றாவதுதான் என் கண்ணில் நிற்கிறது. ஆறு வருடம் ஓடியது, ஆனால் வாங்கியபோது இரண்டாவதைவிட இரண்டு படி மேலான சைக்கிள். ஃபோர்க் கால்கள் தடிமனாக இருக்கின்றன, பிரேக்கும் நல்லது. பழையது என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் போ. கழுவித் துடைத்து வைக்கச் சொல், சேற்றுக்கு அடியில் விரிசல் தெரியாது.

முதலில் ஃபோர்க்கின் வழுவழுப்பான மேல்கால்கள். விரல்நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழு, பின்பக்கமும் மறக்காமல் இழு. நகம் எங்காவது சிக்கினால் எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் சீல் என்ற ரப்பரை அந்தக் கீறல் அறுத்துக்கொண்டே இருக்கும், எண்ணெய் கசியும். பூச்சு தேய்ந்து வெளிர் நிறம் தெரிந்தாலும் அதே கதைதான். ஷாக்கின் தண்டையும் இதே மாதிரி பார். அப்புறம் ஷாக்கை நாலைந்து முறை அமுக்கு. உள்ளே சளக் சளக் என்று சத்தம் வந்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது, சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்.

பிறகு பேரிங். சைக்கிளை நேராக நிறுத்தி, பின்சக்கரம் தரையை விடாமல், சீட்டின் பின்நுனியைப் பிடித்து ஒரு நூல் அளவுக்குத் தூக்கித் தூக்கி விடு. இன்னொரு கைவிரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும் மாற்றி மாற்றி வைத்துக்கொள். ஷாக் நகரத் தொடங்குவதற்கு முன்பே 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் விரலில் தட்டினால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. ஷாக்கின் இரு முனையிலும் உள்ள புஷ் என்ற சின்னக் குழல் என்றால் கவலை வேண்டாம், சல்லிசாக மாற்றலாம். பிவட் பேரிங் என்றால் ஒரு செட் மாற்றும் செலவு. பேரிங் உட்காரும் ஃபிரேம் ஓட்டையே அகன்றிருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பி வா.

விரிசலுக்கு வெல்டிங் ஓரங்களைப் பார்: முன்கழுத்து, சீட் குழாய் சேரும் இடம், பெடல் அச்சுக்குப் பக்கம், பின்கைகளின் பிவட் பக்கம். பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு போனால் விற்கிறவர் "வெறும் கீறல்தான்" என்பார். விரலால் தடவு, வெல்டிங்கை ஒட்டியே ஓடுகிற கோட்டை நான் நம்பமாட்டேன். யாராவது கார்பன் ஃபிரேமைக் குறைந்த விலைக்குக் காட்டினால் மயங்காதே. உள்ளே அடிபட்டிருப்பது வெளியில் தெரியாது.

படத்தில் தெரியாத ஒன்று: பின் அச்சு. ஊடுருவிப் போகும் தடித்த அச்சா, 148 மி.மீ. அகலமா என்று கேள். 142 என்றாலும் வாங்கலாம். பழைய 135 விரைவுக் கொக்கி வகையும் 26 அங்குலச் சக்கரமும் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், நல்ல ஃபோர்க்கும் டயரும் தேடி அலைவாய். அடியில் பொறித்த சீரியல் எண்ணும் ரசீதும் பொருந்துகின்றனவா என்றும் பார். வாரன்டி பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

எதை வாங்கினாலும் கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கையாவது எடுத்து வை. ஷாக் பம்ப் கட்டாயம் வேண்டும். டயருக்கு 25 பி.எஸ்.ஐ. போதும், ஷாக்குக்கு 150, 200 என்று தேவைப்படும்; டயர் பம்ப்பால் அது ஆகாது. ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், அதை நீயே கற்றுக்கொள்ளலாம். ஹெல்மெட் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு அப்பா தருகிறார்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஷாக்கின் மேல் 210க்கு 50 என்று எழுதியிருந்தால், நீளம் 210, அமுங்கும் தூரம் 50 மி.மீ. பையும் தண்ணீரும் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார். தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை யாரையாவது சீல் வரை தள்ளிவிடச் சொல். குதிக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அள. 50க்கு 15 மி.மீ. வந்தால் சரி. குறைவாக நகர்ந்தால் காற்றைக் குறை, அதிகமாக நகர்ந்தால் ஏற்று. முன்னால் ட்ராவலில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் போதும்.

அளவு விஷயத்தில் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. பெடலில் எழுந்து நின்று ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தச் சைக்கிள் உனக்குப் பெரியது, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடு.

மூன்றாவது சைக்கிளைப் பார்க்கப் போகும்போது ஷாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதற்கான சீல் செட் இன்னும் கிடைக்கிறதா என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா