சம்பளச் சீட்டில் ஒரு வரி

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் எது எழுதினாலும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறாய், அதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? அதனால்தான் தாளை எடுத்தேன். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும், தெரியும். மெதுவாகவே படி.

இரும்புச்சத்து மாத்திரையைக் கோப்பியோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாது. ஏழாம் மாதத்தில் கால் வீங்கும். அலுவலகத்தில் கால் வைக்க ஒரு சின்ன முக்காலி கேட்டு வாங்கிக்கொள். கேட்க வெட்கப்படாதே.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆனாலும் கீழே கோப்பிக்கடையில் தே தாரிக் என்று இனிப்புத் தேநீர் குடிக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தம்பிக்கு மின்தூக்கி வேலையில் பதவி உயர்வு, உன்னிடமும் சொல்லியிருப்பான். செல்வி அத்தை அதே பழைய பேச்சைத்தான் பேசுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

தீபாவளியன்று நடந்ததற்கு வருகிறேன். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, நம் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, அதுதான் சிண்டாவுக்கு, மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். ஏதோ கேபிள் டிவி சந்தாவை நிறுத்தியதைப் போலச் சொன்னாய். அப்பா எழுந்து போய்விட்டார். நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். அன்றைக்கு உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டுப்போயிற்று. மாதம் 18 வெள்ளி பிடித்தார்கள் என்றால் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நீயாக எங்களிடம் சொன்னதே இல்லை, அந்தப் பிடித்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் தேக்காவுக்குப் போய் வீரமாகாளியம்மனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். எதற்கென்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நீ சொன்ன கணக்கு சரிதான். அதே சம்பளம் வாங்கும் உன் சீனத் தோழிக்கு அவர்கள் சங்கத்துக்குப் பிடிப்பது 3 வெள்ளி. நமக்கு ஆறு மடங்கு. ஆனால் அவர்கள் நாலு பேரில் மூன்று பேர், நாம் நூற்றுக்கு ஒன்பது. சின்னக் கூட்டம் பெரிய பானையை ஏற்றினால் ஆளுக்குக் கூடுதல் அரிசி போட வேண்டியிருக்கிறது. மலாய்க்காரர்கள் 1982லேயே தங்கள் சங்கமான மெண்டாக்கியைத் தொடங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போகிறார்கள் என்று ஒரு நடவடிக்கைக் குழு சொன்ன பிறகு, 1991ல்தான் சிண்டா வந்தது. மறு வருடம் சீனர்களும் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எதற்கு என்று அப்போது உன் அப்பா கேட்டது நினைவிருக்கிறது. ஏழை எல்லா இனத்திலும் இருக்கிறான், ஏழைக்கு உதவ அடையாள அட்டையில் என்ன இனம் என்று பார்ப்பானேன் என்று நீ கேட்டாயே, அப்பா அன்றைக்குக் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். உன்னிடம் மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வரி என் சம்பளச் சீட்டில் எனக்குப் பிடிக்கும் பாப்பா. தொழிற்சாலையில் மாதக் கடைசியில் சீட்டு கொடுப்பார்கள், மத்திய சேமநிதிக்குக் கீழே சிண்டா என்று இருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளி. மற்ற எல்லாப் பிடித்தமும் எனக்காகப் பிடிப்பது. அது ஒன்றுதான் நான் யாருக்கோ கொடுப்பது. பெருமைப்பட வேறு என்ன இருந்தது அந்தச் சீட்டில்?

அதற்கு முன்னால் தாத்தா காலத்திலும் இப்படித்தான். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ஐம்பதுகளில் தமிழ் முரசு பத்திரிகை நடத்திய கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மூட்டை தூக்கியவர்கள், கப்பலுக்குச் சாயம் அடித்தவர்கள் எல்லாம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தை வெளியே நின்றுகூடப் பார்க்காதவர்கள். தாத்தாவின் ரசீது மஞ்சள் கோப்பில் இருக்கிறது, வந்தால் பார். 1971ல் வெள்ளைக்காரன் தளத்தைக் காலிசெய்துகொண்டு போனபோது நம் வீட்டில் என்ன ஆனது என்பதும், நான் படிப்பை எங்கே விட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். அதை எழுதினால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்பாய்.

1999ஐ மட்டும் எழுதுகிறேன். நீ தொடக்கநிலை நாலு. உன் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, பிள்ளையை ஈஎம்3க்கு, அதுதான் படிப்பில் பின்தங்கியவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் பிரிவுக்கு, அனுப்பலாமா என்று யோசிக்கிறோம், உங்கள் ஆட்களுக்குக் கணக்கு கொஞ்சம் கஷ்டம்தானே என்று சிரித்துக்கொண்டு சொன்னார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். உனக்குப் பிறந்தநாளென்றால் மிட்டாய் கொடுத்தவர். அதனால்தான் எனக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து அழவும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று சிண்டா துணைப்பாட வகுப்பில் சேர்த்தேன். சனிக்கிழமை காலை ஏதோ ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒரு மலையாளத்து அம்மா, தலைப்பாகை கட்டிய பேரனைக் கூட்டி வந்த ஒரு பஞ்சாபிப் பாட்டி. அந்தப் பாட்டியோடு எனக்குப் பொதுவாக இருந்த பாஷை பஜார் மலாய்தான். உள்ளே நீ கணக்கைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கக் கற்றுக்கொண்டாய். ரவியிடம் இருப்பது இவ்வளவு, மாலாவிடம் அதைப்போல மூன்று மடங்கு, ஒரு நீளக் கட்டத்தை மூன்றாக வெட்டு. வீட்டுக்கு வந்து தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அப்பா வேலைநேரம் முடிந்து வந்து அதை மிதித்துவிட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நீ ஈஎம்3க்குப் போகவில்லை.

தம்பி போனான். அதே வகுப்பு, அதே சனிக்கிழமை, அதே சிற்றுண்டிச்சாலை. அவனுக்கு ஒட்டவில்லை. வழக்கநிலைத் தொழில்நுட்பம், பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகம், பிறகு மின்தூக்கி. நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் பத்து வயதிலேயே தன்னை மக்கு என்று முடிவு செய்துகொண்ட பிள்ளை அவன். அந்த ஈஎம்3யை 2008ல் எடுத்துவிட்டார்கள். உயர்நிலையில் விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிப்பதும் 2024ல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களிலிருந்து நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் சங்கம் வகுப்பு நடத்தியது, பிள்ளைகளைப் பிரித்த ஏணி அப்படியே நின்றது என்று நீ சொன்னால் என்னிடம் பதில் இல்லை. ஏணி சரியில்லாததற்கு ஏறத் தெரியாத நாங்களே காசு போட்டு வகுப்பு வைத்துக்கொண்டோம் என்றும் சொல்லலாம். சொல். ஆனால் ஏணியைத் திருத்தும் வரைக்கும் அந்தச் சனிக்கிழமைகளில் உன்னை எங்கே உட்கார வைத்திருப்பேன்?

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூழியத்துக்குப் போகிறேன், உனக்குத் தெரியாது. வாடகை வீட்டுப் புளோக்குகளில் கதவைத் தட்டி, என்ன உதவி வேண்டும் என்று கேட்கும் வேலை. என்னோடு வருபவர்கள் உன்னைவிடச் சின்னவர்கள். போன முறை ஒரு நடைபாதையில் உயர்நிலை ஒன்று படிக்கும் பெண். காலணி வைக்கும் அலமாரிமேல் புத்தகத்தை விரித்து, நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓர் அறை, பாட்டி, இரண்டு தம்பிகள், தொலைக்காட்சி. மேசை வேண்டுமா என்று கேட்டேன். மேசை போட்டால் பாட்டி எங்கே படுப்பார்கள் ஆன்ட்டி என்றாள். எனக்கு எழுதிக்கொள்ளத் தெரியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தியர்கள் இப்போது நன்றாகத்தான் சம்பாதிக்கிறார்கள் என்று நீ கைபேசியில் எடுத்துக் காட்டினாயே. சராசரியைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தொண்ணூறுகளுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து பெரிய படிப்போடு வந்தவர்களையும், கொண்டோவில் இருப்பவர்களையும், அந்தப் பெண்ணின் பாட்டியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் என்ன வரும்? நீதான் எனக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தவள். இப்போது இந்த மூன்று சங்கங்களும் யூரேசியர் சங்கமும் ஆக நாலும் சேர்ந்து துணைப்பாட வகுப்பு நடத்துகின்றன, யார் வேண்டுமானாலும் எதிலும் சேரலாம். நீ கேட்கும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கதவைத் தட்டும்போது மட்டும் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பாட்டி கதவிடுக்கில் என் முகத்தைப் பார்த்ததும், 'யாரும்மா?' என்று தமிழில் கேட்டார். வேறு யாருக்காவது திறந்திருப்பாரோ என்னவோ. திறந்திருக்கலாம்.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். 18 வெள்ளிக்காக யாரும் இவ்வளவு எழுத மாட்டார்கள். நம் பிடித்தத்தை நிறுத்தியவள், பிறக்கும் பிள்ளைக்கு இனம் என்று என்ன பதிவாள் என்று தீபாவளியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 2011லிருந்து உன் இனம், மாப்பிள்ளையின் சீன இனம் இரண்டையும் போடலாம், இந்தியர்-சீனர் என்றோ சீனர்-இந்தியர் என்றோ. அரசு வீட்டுப் புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை பேர் இருக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக்கு முதலில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார்களாம். நம் பழைய வீட்டை விற்றபோது புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிறைந்துவிட்டதென்று, வாங்க வந்த சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாமல் விலையைக் குறைத்து விற்றோமே, அந்த மூன்று மாதம் அப்பா யாரோடும் பேசவில்லை. பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம், சீனர் என்றே முதலில் போடு என்று என் வாயே சொல்லிவிடும் போலிருக்கிறது. சொல்லிவிட்டு எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டுவேன்? இரண்டில் எது என் ஆசை என்று எனக்கே தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் எனக்குச் சொல், அத்தை வழியாகத் தெரிய வேண்டாம். மாப்பிள்ளையை நான் குறை சொல்லவே இல்லை. அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான்.

வளைகாப்பு பற்றி அவர் அம்மாவிடம் பேசினாயா? அவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆன பிறகு சிவப்பு முட்டை கொடுத்துத்தான் கொண்டாடுவார்களாம். நாம் அதற்கும் போவோம். அவர்கள் இதற்கு வரட்டும். பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டோடு, ஐந்து வகைச் சாதம். உன் கை இப்போது வீங்கியிருக்கும், வளையல் அளவு சொல்.

மாத்திரை, கோப்பி, மறக்காதே.

அம்மா

பி.கு. பிடித்தத்தை மறுபடி தொடங்கு என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. கேட்டு வாங்கி, இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.