காரணம் எழுதாத தள்ளுபடி

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆய்வுக்கு வேறு தலைப்பு எடுக்கப்போவதாக வாப்பாவிடம் சொன்னாயாம். கொரோனாவில் மௌத்தான (இறந்த) நம் ஆட்களின் ஜனாஸாக்களை, அதாவது உடல்களை, இலங்கையில் அடக்க விடாமல் எரித்தது முடிந்துபோன கதை, 2024இல் அமைச்சரவையே மன்னிப்புக் கேட்டுவிட்டது, இனி எழுத என்ன இருக்கிறது என்றாயாம். இருக்கிறது மகள்.

மன்னிப்புக் கேட்டது அமைச்சரவை. நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? 2020 டிசம்பர் 1ஆம் திகதி, எரிப்பை எதிர்த்துப் போட்ட அத்தனை மனுக்களையும், மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்து, தள்ளுபடி செய்தது. மனுப் போட்டவர்களில் மற்றச் சமயத்தவர்களும் இருந்தார்கள். பெரும்பான்மை முடிவு என்றார்கள், சரி. ஏன் என்று ஒரு வரி எழுதவில்லையே.

சட்டம் நீ படித்ததுதான். மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு 15ஆம் உறுப்புரையில் ஒரு கட்டுப்பாடும் இல்லை. மதத்தை வெளிப்படையாக அனுசரிக்கும் 14ஆம் உறுப்புரை உரிமையைத்தான் பொதுச் சுகாதாரத்தின் பெயரால் சட்டம் போட்டு மட்டுப்படுத்தலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சுகாதாரக் காரணம் உண்மையா என்று பார்க்க வேண்டாமா? நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது.

அந்த நவம்பரில்தான் என் நானா, உன் பெரிய மாமா, கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் மௌத்தானார். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். மகன்மார் போடவில்லை. அப்படியும் எரித்தார்கள். குளிப்பாட்டவும் இல்லை, தொழுவிக்கவும் இல்லை. உடலைச் சுற்ற மாமி வாங்கி வைத்த வெள்ளைக் கபன் சீலை மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடந்தது. டிசம்பரில் கொழும்பு பொரளை கனத்தை மயான வேலியில் எரிப்பை எதிர்த்து வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்களே, அப்போது அந்தக் கபன் சீலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு போய் மாமியும் கட்டினார். பக்கத்தில் சிங்களச் சகோதரிகளும் பாதிரிமாரும் கட்டிய துணிகள். பெப்ரவரியில் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பொலிகண்டி வரை தமிழ் மக்கள் உரிமை கேட்டு நடந்தபோது நம் ஜனாஸாக்களும் அவர்களுடைய கோரிக்கைகளில் இருந்தன. இதையும் எழுத மறக்காதே.

அப்புறம் எப்படி நின்றது? 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். அவர் போன மறுநாள் அடக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். நம் அரசியலமைப்பில் எழுதியிருக்கிற உரிமை, ஒரு விருந்தாளி வந்து போன பிறகா நமக்குக் கிடைக்க வேண்டும்? அதுவும் எப்படி! 2022 மார்ச் வரை, கொழும்பில் மௌத்தானாலும் இங்கே கிழக்கில் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்குள்ள மஜ்மா நகரில் அப்படி அடக்கிய 3,000க்கும் மேற்பட்ட கபுறுகள் (கல்லறைகள்) இருக்கின்றன. சொந்த ஊர் மையவாடியில் (அடக்கஸ்தலத்தில்) அடக்க விடாததற்கு என்ன காரணம் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த தொற்று வந்தால் இதே வர்த்தமானி வரலாம். அப்போது காட்டுவதற்கு ஒரு தீர்ப்பு நம் கையில் இல்லை. நீதிமன்றம் எழுதாமல் விட்ட காரணங்களை ஒரு சட்ட மாணவி ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து வைத்தால், நாளைக்கு மனுப் போடுகிறவருக்கு அது உதவும். தலைப்பை மாற்றாதே.

மாமாவின் மரண அத்தாட்சிப் பத்திரமும் மகன்மார் சுகாதார அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் மாமியிடம் இருக்கின்றன. கேட்டேன், தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லு என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் வாங்கிக்கொள். பெயர்களை மட்டும் ஆய்வில் போடாதே.

வஸ்ஸலாம்,
உம்மா